பிள்ளை தூக்கும் பை: வாங்குமுன் ஒரு வார்த்தை



கேரியர் என்றால் நமக்கெல்லாம் பிரட்டுக்குப் போகும்போது கையில் தொங்கும் சோற்றுக் கேரியர்தான் ஞாபகத்துக்கு வரும். இப்போது தோட்டத்து இளம் பெண்கள் இன்னொரு கேரியரைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளையை உள்ளே வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் பை. பாசார் மாலாமில் தொங்குகிறது, கைத்தொலைபேசியில் சொன்னால் லயத்து வாசலுக்கே வந்து சேருகிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். எழுத வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். ஒரு இளம் தாய் தனக்குச் சளி, இருமல் என்று மருந்து வாங்க வந்திருந்தார். பிள்ளை பிறந்து ஐந்து வாரம். தோளில் குறுக்கே மாட்டிய ஒரு பை, மரக்கறி வாங்கப் போகும் பை மாதிரி ஆழமாக, உள்ளே மெத்தை வைத்துத் தைத்தது. பிள்ளை அதற்குள் இருந்தது. முகம் வெளியே தெரியவில்லை. மேலே ஒரு துணியும் மூடியிருந்தது.

"புள்ளயைக் காட்டும்மா, பார்ப்போம்" என்றேன்.

"இப்பத்தான் ஐயா தூங்குது. எழுப்பினா விடாது, அழும். வேணாங்க ஐயா" என்றார்.

அழட்டும் என்று துணியை விலக்கினேன். பிள்ளை பைக்குள் வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்திக் கிடந்தது. உதட்டு ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு மேலோட்டமாக, விட்டு விட்டு வந்தது. தூக்கி மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கழுத்தை நேராக்கி, உள்ளங்காலைத் தேய்த்தேன். சில விநாடிகள்தான். பிறகு வீல் என்று அழுதது. உதட்டில் நிறம் திரும்பியது. தோட்டத்து வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பார்த்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இன்று நன்றாக இருக்கிறது, தவழ்கிறது. ஆனால் அந்தத் தாய் அன்று டிஸ்பென்சரிக்கு வராமல் வீட்டிலேயே சமைத்துக்கொண்டிருந்தால்? அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தவர் அவர். எப்படி வைக்க வேண்டும் என்று விற்றவன் சொல்லவில்லை. பையோடு வந்த காகிதத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலம்.

கழுத்து ஏன் இவ்வளவு முக்கியம்?

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர்க் குழாய் மடிந்தால் என்ன ஆகும்? தண்ணீர் நின்றுவிடும். பச்சைக் குழந்தையின் மூச்சுக் குழாய் அப்படித்தான். மெல்லியது, இளசானது. தலையோ உடம்பின் நீளத்தில் கால் பங்கு. அந்தப் பெரிய தலையைத் தாங்கக் கழுத்துத் தசைக்குப் பலம் வர ஏறக்குறைய நாலு மாதம் ஆகும். அதற்குள் தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் பட்டால் குழாய் மடிந்துவிடும். பெரியவர்களுக்கு மூச்சு முட்டினால் கையைக் காலை உதறுவோம், கத்துவோம். பிள்ளை ஒன்றும் செய்யாது. தூங்குவது போலவே இருக்கும். அம்மா, "நல்லா தூங்குது" என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு வழியும் உண்டு. துணியோ தாயின் உடம்போ மூக்கையும் வாயையும் அடைப்பது. தலையைத் திருப்பப் பலம் இல்லாத பிள்ளைக்கு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போதும்.

இது நம் தோட்டத்துப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்பைப் பார்க்கும் அரசாங்க ஆணையம் 2010 மார்ச் மாதத்தில் இதே மாதிரித் தோள் பைகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் அவர்களுக்குத் தெரிய வந்த சாவுகள் குறைந்தது 14. அதில் 12 பிள்ளைகள் நாலு மாதத்துக்கும் குறைந்தவை. அந்த மாதத்திலேயே ஒரு கம்பெனியின் தோள் பைகள் பத்து லட்சம் திரும்பப் பெறப்பட்டன. படித்தவர்கள், வசதி உள்ளவர்கள் வீட்டிலும் நடந்ததுதான் இது. ஆகவே வெட்கப்பட ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்வோம்.

நாலு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை, மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை, சளி பிடித்து மூக்கடைத்த பிள்ளை: இவர்களுக்கு ஆழமான தோள் பை வேண்டவே வேண்டாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

அப்படியானால் எப்படி வைப்பது? பிள்ளை நிமிர்ந்து, தாயின் நெஞ்சோடு நெஞ்சாக இருக்க வேண்டும். குனிந்தால் அதன் உச்சந்தலையில் நீங்கள் முத்தம் வைக்க முடிய வேண்டும், அந்த உயரம். முகம் எந்நேரமும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். துணி இறுக்கமாக இருக்க வேண்டும், முதுகு சரியக் கூடாது. தொளதொள என்று கட்டினால் பிள்ளை உள்ளே இறங்கிச் சுருண்டுவிடும். வெயில் என்று துண்டு போட்டு மூடாதீர்கள், குடை பிடியுங்கள். பால் கொடுக்கத் தாழ்த்தினால், குடித்து முடித்ததும் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

பாட்டிமார் தூக்கியது தப்பா?

இந்தக் கேள்வியை ஒரு பாட்டி என்னிடம் சண்டை போடுவது போலவே கேட்டார். "நாங்க பத்துப் புள்ள வளத்தோம், எந்தப் பையும் இல்ல. கைலியும் இடுப்புந்தான்." நியாயமான கேள்வி.

என் அம்மா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் பால் மரம் வெட்டியவர். (2007-க்குப் பிறகு அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர், நமக்கு இன்னும் வாயில் வருவது பழைய பெயர்தான்.) விடியுமுன் இருட்டில் ஒரு கையில் வாளி, இடுப்பில் நான். ஆயாக் கொட்டகையில் என்னை விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுவாராம். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தோம். கவனியுங்கள், அந்த இடுப்பு தூக்குதலில் ஒரு பெரிய நன்மை இருந்தது. பிள்ளையின் இரண்டு காலும் விரிந்து, தொடை தாயின் இடுப்பை அணைத்துக்கொண்டிருக்கும். பிள்ளையின் இடுப்பு மூட்டு நன்றாக உருவாக அதுதான் சரியான நிலை.

தொடை எலும்பின் உச்சி ஒரு உருண்டை. அது இடுப்பில் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு அந்தக் கிண்ணம் இன்னும் முற்றாத குருத்தெலும்பு. காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் உருண்டை கிண்ணத்தை விட்டு நழுவும். ஜப்பானில் பிள்ளைக்குக் காலை நீட்டித் துணி சுற்றும் பழக்கம் இருந்தது. அங்கே இடுப்பு நழுவிய பிள்ளைகள் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றுக்கு மேல் வரை இருந்தார்கள். 1975 வாக்கில் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுவதும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அது ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. துணி கட்டும் முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பையை வாங்கும்போது பிள்ளை உட்காரும் இடத்தின் அகலத்தைப் பாருங்கள். இந்த முழங்கால் மடிப்பிலிருந்து அந்த முழங்கால் மடிப்பு வரை துணி தாங்க வேண்டும். முழங்கால், குண்டியை விடச் சற்று உயரமாக இருக்க வேண்டும், தவளை உட்காருவது போல. சில பைகளில் கவட்டையில் மட்டும் ஒரு பட்டை இருக்கும், இரண்டு காலும் தூக்குக் கயிற்றில் தொங்குவது போலத் தொங்கும். அதை வாங்காதீர்கள். பெண் பிள்ளை, கால் முன்னே வந்து பிறந்த பிள்ளை, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு நழுவியிருந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

பாட்டி சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். இடுப்பில் வைப்பது கழுத்து நின்ற பிறகுதான். ஒரே பக்க இடுப்பில் நாள் முழுக்க வைத்தால் அந்தத் தாயின் முதுகு என்ன ஆகும் என்பதற்கு டிஸ்பென்சரிக்கு வரும் பாட்டிமாரே சாட்சி. பக்கத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

எதை வாங்கலாம்?

அதிக விலைப் பைதான் நல்ல பை என்று இல்லை. நம் கோல சிலாங்கூர்ப் பக்கத்தில், தஞ்சோங் காராங் போன்ற ஊர்களில், ஜாவாக்காரப் பெண்கள் செலண்டாங் துணியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். நீளத் துணி, தோளில் ஒரு முடிச்சு. கட்டத் தெரிந்தவர் கையில் அது எந்தப் பைக்கும் குறைந்தது அல்ல. தெரியாதவர் கட்டினால் நான் முதலில் சொன்ன பையும் அதுவும் ஒன்றுதான். ஆகையால் கட்டத் தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு இந்தோனேசியாக்காரியாக இருந்தால் என்ன, கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பார்.

பழைய பருத்திச் சேலை நல்லதுதான். ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இழை நைந்திருந்தால் அது பிள்ளைக்கு ஆகாது. நைலான் சேலையில் முடிச்சு வழுக்கும். கொக்கி வைத்த பையானால் தையலை ஒவ்வொன்றாகப் பலமாக இழுத்துப் பாருங்கள். கொக்கி "டக்" என்று பூட்ட வேண்டும். பிறகு என்னுடைய சோதனை ஒன்று இருக்கிறது: கடையில் விற்கும் 5 கிலோ அரிசி மூட்டையைப் பைக்குள் வைத்து வீட்டைச் சுற்றி நடங்கள், குனியுங்கள், உட்கார்ந்து எழுங்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது 10 கிலோ மூட்டை. அரிசி விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் வெப்பத்தையும் நினையுங்கள். குளிர் தேசத்துக்குத் தைத்த பையில் ஒரு சாண் கனத்துக்குப் பஞ்சு இருக்கும். தாய் சூடு, பிள்ளை சூடு, நடுவில் பஞ்சு. மெல்லிய பருத்தி போதும், பிள்ளைக்கு உள்ளே ஒரு சட்டை போதும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்து நனைந்திருந்தால் உடனே வெளியே எடுத்துப் பால் கொடுங்கள். பிள்ளையின் முகம் வெளியே பார்க்கும்படி மாட்டும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. கழுத்து நன்றாக நிற்கும் வரை அது கூடாது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம்தான். தூங்கினால் உள்பக்கம் திருப்பிவிடுங்கள்.

தாயின் உடம்பு பச்சை உடம்பு என்பதையும் மறக்க வேண்டாம். ஆப்பரேஷன் செய்து பிள்ளை பெற்றவர் முதல் ஆறு வாரம் இடுப்புப் பட்டை வைத்த பையை மாட்டினால் பட்டை தையல் மேல் உட்காரும். அந்த நாட்களில் அப்பா மாட்டிக்கொள்ளட்டும். ஆண்பிள்ளை பிள்ளை தூக்கினால் லயத்தில் சிரிப்பார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் நெஞ்சு வேண்டித்தானே இருக்கிறது. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற டாக்டர் எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர். 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம், எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே அதைத் தொடங்கச் சொல்லியிருக்கிறது. அதைத் தகப்பனும் செய்யலாம். ஆனால் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி மிஸ்ஸி காட்டிக் கொடுத்த முறையில் மட்டும் கட்டுங்கள், கடைப் பையை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மோட்டார் சைக்கிள்

இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தடுப்பூசி நாளன்று கிளினிக்குக்கு எப்படிப் போகிறோம்? அப்பா மோட்டார் ஓட்ட, அம்மா பின்னால், பிள்ளை பையில், இருவருக்கும் நடுவே. செம்மண் சாலை, பழ லோரி, பிறகு பெரிய ரோடு. பெரியவர்கள் இருவர் தலையிலும் தலைக்கவசம், 1973-லிருந்து சட்டம். பிள்ளை தலைக்கு ஒன்றும் இல்லை, அந்தக் கழுத்து கவசத்தைத் தாங்கவும் தாங்காது. பிரேக் அடித்தால் அப்பா முதுகுக்கும் அம்மா நெஞ்சுக்கும் நடுவே பிள்ளை நசுங்கும். கீழே விழுந்தால் தாயின் பாரம் முழுதும் பிள்ளை மேல். பிள்ளையைக் கட்டிய பை அங்கே அதைக் காப்பாற்றாது. அதே மோட்டாரில் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டு போக ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டால், என்னிடம் வழி இல்லை.

காரிலும் பை உதவாது. 2020 ஜனவரி 1 முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். மடியில் பையோடு உட்கார்ந்தால் இடிபடும் வேகத்தில் கை தாங்காது.

எனவே இது ஒரு குடும்பம் தனியாகத் தீர்க்கும் காரியம் அல்ல. கிளினிக் நாட்களை நான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரே நாளாகச் சேர்த்துக் கேட்டால் தோட்டத்து வேனை ஆபீசில் கேட்கலாம். தனியாக ஒரு தாய் போய்க் கேட்பதை விடத் தோட்டக் கமிட்டித் தலைவர் போய்க் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். கிராணியும் பிள்ளை பெற்றவர்தான்.

மருந்து அடித்த உடையும் பிள்ளையும்

களைக்கு மருந்து அடிக்கும் பெண்களுக்கும் உரம் போடும் பெண்களுக்கும் இது. வேலை விட்டு வந்ததும் பிள்ளை கையை நீட்டும், நெஞ்சு பதறும், அப்படியே வாரிப் பையில் போட்டுக்கொள்வோம். வேண்டாம், அம்மா. சட்டை, கைலி, தலைத்துண்டு எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றி, சோப்புப் போட்டுத் தலை முழுகிய பிறகு பிள்ளையைத் தொடுங்கள். பிள்ளையின் எடைக்கு அதன் தோலின் பரப்பு நம்மை விட அதிகம். தோலில் படுவது அதன் உடம்புக்கு அதிகமாகவே சேரும். பிள்ளை அந்தத் துணியை வாயில் வைத்துச் சப்பும் என்பதையும் நினையுங்கள்.

பாராகுவாட்டை அரசாங்கம் 2002-இல் தடை செய்வதாகச் சொல்லி, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்தது. அதனால் இனி பயமில்லை என்று எண்ணாதீர்கள். டப்பாவில் இப்போது இருப்பதும் விஷம்தான். மருந்து உடையோடு பிள்ளைத் துணியையும் பையையும் ஒரே வாளியில் ஊறப்போடாதீர்கள். ஒரே ஆணியில் மாட்டாதீர்கள். ஒரு வீட்டில் மருந்து அடிக்கும் தலைத்துண்டையே துவைத்துத் தூக்குத் துணிக்கு ஒட்டுப் போட்டிருந்ததைப் பார்த்தேன். சிக்கனம் நல்லதுதான், அதில் வேண்டாம்.

வேலைக்குத் திரும்பும் நாள்

பேறுகால விடுப்பு முன்பு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். கணக்குப் பாருங்கள். தாய் வேலைக்குத் திரும்பும் அன்று பிள்ளைக்கு மூன்று மாதமும் சில நாட்களும். கழுத்து இன்னும் முழுதாக நிற்காத வயது. அன்றிலிருந்து பிள்ளை பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ, ஆயாக் கொட்டகை இன்னும் இருக்கும் தோட்டமானால் ஆயாவிடமோ போகிறது. உங்களுக்குத் தெரிந்த அந்த இரண்டு விரல் கணக்கு அவர்களுக்குத் தெரியுமா? பையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், ஒரு முறை அவர்களையே கட்டச் சொல்லிப் பாருங்கள்.

தொட்டிலுக்கும் இதே கதைதான். சேலை ஏணையிலும், ஸ்பிரிங் வைத்த மலாய்த் தொட்டிலிலும் பச்சைப் பிள்ளை வில்லாக வளைந்துதான் கிடக்கும். ஆட்டித் தூங்க வையுங்கள், வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறீர்கள். ஆனால் தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். பையிலும் அப்படியே. பிள்ளை பையில் இருக்கும்போது நீங்கள் படுத்துத் தூங்கக் கூடாது. அடுப்படிக்குப் போகக் கூடாது, சுடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது. கீழே ஏதாவது எடுக்க வேண்டுமானால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் பிள்ளை மேல் வழியாக வந்துவிடும்.

உதடு நீலம், உடம்பு தொய்வு, மூச்சில் முனகல், அல்லது கூப்பிட்டால் அசையாமை: இதில் எதைக் கண்டாலும் காரணம் யோசிக்காமல் முதலில் பிள்ளையைப் பையிலிருந்து வெளியே எடுத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். கழுத்தை நேராக்குங்கள், உள்ளங்காலைத் தேயுங்கள், கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒருவர் 999-க்கு அடிக்கட்டும், இன்னொருவர் என் வீட்டுக் கதவைத் தட்டட்டும், நடு ராத்திரியானாலும் சரி.

பை வைத்திருப்பவர்கள் அடுத்த முறை டிஸ்பென்சரிக்கு வரும்போது பையையும் கொண்டு வாருங்கள். அரிசி மூட்டை ஒன்று என் மேசைக்கடியில் தயாராக இருக்கிறது. செலண்டாங் கட்டத் தெரிந்த இரண்டு பெண்களிடமும் பேசியிருக்கிறேன், சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்து கட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போட்ட அந்தப் பாட்டியும் வருகிறார், இடுப்பில் வைப்பது எப்படி என்று காட்டுவதற்கு.